அடிபம்படியில் காந்தள்

காந்தள் கிழங்கை முதன்முதலாகக் கையில் எடுத்தபோது அது ஒரு செடியின் உறுப்பு என்றே எனக்குத் தோன்றவில்லை. இரண்டு விரல்களை விரித்துப் பிடித்தது போலக் கிளைத்து, வெளிர்ப் பழுப்புத் தோலுடன், யாரோ செதுக்கிவிட்டு மறந்துபோன சிறு கலப்பையைப் போல இருந்தது. 2004ஆம் ஆண்டு ஆடி மாதம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்துக்குச் சற்றுத் தெற்கே, பொக்லைன் எந்திரம் பழைய வேலியொன்றை வேரோடு பெயர்த்துப் போட்டிருந்தது. நான் தமிழ் கற்பித்த பள்ளி அந்தப் பக்கம்தான். மாலையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவள், குவிந்து கிடந்த மண்ணைக் கிளறிப் பார்த்தேன்.

"கண்வலிக் கிழங்கும்மா அது. தொட்டா கையைக் கழுவிடுங்க. வெசம்" என்றார் எந்திரத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தவர்.

காந்தளுக்கு ஊர்வழக்கில் அதுதான் பெயர்; கேட்டதும் எனக்கு மகிழ்ச்சி தாளவில்லை. வகுப்பறையில் எத்தனையோ ஆண்டுகளாகப் பெண்களின் விரலுக்கு உவமையாக நான் விளக்கிவந்த பூ. பழைய பாட்டுகளில் அது மலையில் பூப்பது. இங்கே உப்புக் காற்றில், முள்வேலிக்குள், யாரும் பாடாமல் வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது. இரண்டு கிழங்குகளைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தேன். கிளைகள் பிரியும் இடத்தில் போன ஆண்டின் தண்டு உலர்ந்த நாராக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கிளையின் நுனியில் வெளுத்த புது முளை தலைகாட்டியிருந்தது. காய்ந்ததும் முளைத்ததும் ஒரே கிழங்கில், என் உள்ளங்கையில் இருந்தன. பார்த்தேன். பார்த்ததை யோசிக்கவில்லை.

எங்கள் வீடு ஊரின் கிழக்கு ஓரத்தில், உப்பளங்களுக்குப் போகும் வண்டித்தடத்தின் அருகில் இருந்தது. தோட்டத்து மண் முழுவதும் கரிப்பு. முருங்கையும் வேம்பும் தவிர வேறெதுவும் மனம்வைத்து வளர்ந்ததில்லை. ஆனால் பின்புறப் படலை ஒட்டியிருந்த அடிபம்பில் மட்டும் நல்ல தண்ணீர் வந்தது. வீட்டுக்குள் மோட்டாரும் குழாயும் வந்த பிறகு அந்தப் பம்பை நாங்கள் பயன்படுத்துவது குறைந்துவிட்டது. பயன்படுத்தியவர் வேறொருவர்.

அவர் பின்தெருவில் இருந்த பெண், உப்பளத் தொழிலாளி. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் அவரை 'நீ' என்றேன். அவர் என்னை 'நீங்க' என்றார். அது அன்று எங்கள் இருவருக்கும் இயல்பாக இருந்தது. அளத்தில் வேலை முடிந்தால் முதலில் நல்ல தண்ணீரில் காலைக் கழுவியாக வேண்டும். காலெல்லாம் வெடிப்பு, உப்புநீர் வெடிப்புக்குள் நின்று காய்ந்தால் உள்ளே அரித்துக்கொண்டே போகும். தெருக்குழாயில் எப்போதும் குட வரிசை. குடத்துக்குக் காத்திருப்பவர்கள் கால் கழுவ விடமாட்டார்கள். ஆகவே நான்கு ஆண்டுகளாக, தை பிறந்து அளத்தில் வேலை தொடங்கியதிலிருந்து மழை வந்து வேலை நிற்கும்வரை, மாலை நான்கு மணிக்கு எங்கள் படல் திறக்கும், பம்பு கீச்சிடும். ஒரு கையால் பம்பை அடித்து, ஓடிப்போய்க் காலை நீட்டி, மறுபடி ஓடிவந்து அடித்து அவர் கழுவிக்கொள்வதை அடுப்படி ஜன்னலிலிருந்து பார்க்கலாம்.

தோட்டத்தில் எங்கே தண்ணீர் பாய்கிறதோ அங்கேதான் கிழங்கை நட முடியும். பம்படிக்கு மூன்று முழம் தள்ளி, மணல் கலந்து மண்ணை இளக்கி, விரற்கடை ஆழத்தில் படுக்கவைத்து மூடினேன். ஆவணியில் முளை வந்தது. இலை ஒவ்வொன்றின் நுனியும் சுருண்டு, பற்றுவதற்கு எதையோ தேடியது. உலர்ந்த கொடுக்காப்புளிக் கிளைகளை ஊன்றிக் கொடுத்தேன். பற்றி ஏறி என் தலையைத் தாண்டிப் போயிற்று. ஐப்பசியில் முதல் மொக்கு பச்சையாகத் தலைகீழாகத் தொங்கி, விரிந்து, இதழ்களை மேல்நோக்கி மடக்கி, அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாகி, ஒரு வாரத்தில் முழுவதும் தீயின் நிறமானது. வாடும்வரை அதன் நிறம் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது எனக்குப் புதிது. பள்ளிக்குக் கிளம்புமுன் ஒரு முறை, வந்ததும் ஒரு முறை போய் நின்றேன்.

அந்த ஆண்டு நோன்பு மாதமும் அப்போதுதான் வந்தது. பள்ளிவாசலில் காய்ச்சும் கஞ்சியை என் கணவர் தூக்குவாளியில் வாங்கி வருவார். அதில் பாதியைப் படலுக்கு மேலாக, பம்படிக்கு வருபவரின் பாத்திரத்தில் ஊற்றுவது வழக்கம். மழைக்காலத்தில் அளம் இல்லாவிட்டாலும் கஞ்சிக்கு வருவார். அந்த ஆண்டு வந்தவர் பூவைக் கண்டதும் முகத்தை வேம்பின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இன்னா டீச்சரம்மா இது, ஊருல வேற பூவே கிடைக்கலியா? கண்வலிப் பூவப் போய் வூட்டுல வச்சிருக்கீங்க?"

"பார்த்தா கண்ணு வலிக்கும்னு யாரோ கட்டிவிட்ட கதை" என்றேன்.

"உங்களுக்குக் கதை. எனக்குக் கண்ணு அளத்துலயே பாதி போயிடுச்சு. மிச்சத்தையும் இதுக்குக் குடுக்கணுமா?"

வெயிலில் வெள்ளை உப்பைப் பார்த்துப் பார்த்து அளத்துக்காரர்களுக்குக் கண் சிவந்து நீர்வடிவது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் சிரித்தேன். முகத்தைத் திருப்பியபடியே பாத்திரத்தை நீட்டியதால் கஞ்சி கொஞ்சம் அவர் கையில் கொட்டியது. "பாருங்க, பூ வேலையக் காட்டிடுச்சு" என்று அவரும் சிரித்தார். அந்த மாதம் முழுவதும் வேம்பைப் பார்த்தபடியேதான் என்னிடம் பேசினார்.

பிறகு அந்த டிசம்பர். கடல் எங்கள் வீடுவரை வரவில்லை. வந்த இடங்களில் எதை எடுத்துப்போனது என்பதை எழுத இது இடமில்லை. ஆனால் வராத இடங்களிலும் அது ஒன்றை விட்டுச் சென்றது: உப்பைப் பற்றிய அச்சம். யார் கிணறு கரிக்கிறது, யார் நிலம் இனி விளையாது என்பதே ஊரின் பேச்சு. காலையில் எழுந்ததும் ஒரு வாய்த் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்கும் வழக்கம் எல்லா வீடுகளிலும் வந்தது. மண்ணைக்கூட விரல்நுனியில் தொட்டு ருசி பார்த்தார்கள். உப்பை விற்றும் அள்ளியும் வாழ்ந்த ஊர், முதல்முறையாக உப்பைக் கண்டு மிரண்டது.

அந்தத் தையில்தான் காந்தள் மஞ்சளாகத் தொடங்கியது. பூ முடிந்து, காய் வெடித்துச் செந்நிற விதை தெரிந்து, பிறகு இலைகள் கீழிருந்து மேலாக நிறமிழந்தன. அதே வாரம் அளத்திலும் வேலை தொடங்கியது. கடல் கொண்டுவந்த வண்டலை அள்ளிவிட்டுப் பாத்திகளை மறுபடியும் மிதித்துக் கெட்டியாக்க வேண்டியிருந்ததால், அந்த ஆண்டு வேலை வழக்கத்தைவிடக் கடுமை. முழங்கால்வரை சேறு அப்பியபடி மாலையில் வந்தார். கால் கழுவிய தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஓடிக் காந்தளின் அடியை நனைத்தது. ஒவ்வொரு மாலையும் கொடி இன்னும் கொஞ்சம் வாடியது.

"செடி பட்டுப்போவுது" என்றேன் ஒருநாள் அவரிடம்.

அவர் வழக்கம்போல் வேம்பைப் பார்த்தார். "அது அப்படித்தான் டீச்சரம்மா. பனி வந்தா காயும், மழை வந்தா வந்துடும்."

அந்த அலட்சியம் எனக்குப் பிடிக்கவில்லை. அலட்சியம் என்றுதான் அன்று அதைக் கேட்டேன். பூவையே வெறுத்தவர், பார்க்கவே மறுத்தவர், அது காய்ந்துபோவதில் இவருக்கென்ன வருத்தம் இருக்கும் என்று நினைத்தேன். பிள்ளைகளின் விடைத்தாளில் ஒரு வரியைப் படித்ததும் மீதியை முடிவுகட்டிவிடும் ஆசிரியர்களை நான் கண்டித்திருக்கிறேன். அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து ஜன்னலிலிருந்து பார்த்தேன். கால் கழுவி முடித்தவர், முகத்தைத் திருப்பியபடியே காந்தளை நெருங்கினார். குதிகாலால் அதன் அடியில் மண்ணைத் தள்ளினார். அழுத்தினார். சுற்றிவந்து மறுபடி தள்ளி, மறுபடி அழுத்தினார். பிறகு படலைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். நான் உள்ளேயே நின்றிருந்தேன். வெளியே வந்து, "என்ன செய்யறே?" என்று கேட்க ஆறு எட்டுதான் வேண்டியிருந்தது.

அவர் போனதும் போய்க் குனிந்தேன். மிதிபட்ட மண் என்று மட்டுமே கண்டேன், அதன் வடிவத்தைக் கவனிக்கவில்லை. செடியடி மண்ணை ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. அதற்குமேல் எனக்கு எந்தச் சான்றும் தேவைப்படவில்லை.

மறுநாள் ஸ்பேனரை எடுத்துப் பம்பின் கைப்பிடியைக் கழற்றி உள்ளறையில் வைத்தேன். என் கணவர் கேட்டார். செடியின் கதையைச் சொன்னேன்.

"உப்பூருல உக்காந்துக்கிட்டு உப்பு ஆகாதுன்னா எப்படி? மீனு தண்ணி ஆகலன்னு சொல்ற கதையா இருக்குது" என்று சிரித்துவிட்டுக் கடைக்குப் போனார். அவர் சிரித்தது எனக்கு வசதியாக இருந்தது. அதற்குமேல் பேச வேண்டியிருக்கவில்லை.

மாலையில் படல் திறந்தது. கைப்பிடி இல்லாத பம்பின் முன் அவர் நின்றார். நான் அடுப்படி வாசலுக்கு வந்தேன்.

"வாஷர் தேஞ்சிடுச்சு" என்றேன். "ஆள் வந்து பாக்கணும். கழட்டி வச்சிருக்கேன்."

செடியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. குற்றம் சாட்டினால் அவர் மறுத்திருப்பார், விளக்கியிருப்பார், நான் கேட்டாக வேண்டியிருந்திருக்கும். மரியாதையான பொய் அந்தத் தொல்லையெல்லாம் இல்லாமல் வேலையை முடித்துவிடுகிறது.

"அய்யோ, நீங்க தண்ணிக்கு இன்னா பண்ணுவீங்க?" என்றார் அவர். சேறு காய்ந்து வெளுக்கத் தொடங்கியிருந்த காலோடு போனார்.

நான்காம் நாள் திரும்பி வந்தார். இடுப்புச் சுருக்கிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே புதுத் தோல் வாஷர், எண்ணெய் மணத்தோடு.

"எந்தம்பி வானூர்ல பம்பு வேலைதான செய்யுறான். அளவு சொன்னேன், குடுத்தான். ஞாயித்துக்கிழமை வரச் சொல்லட்டுமா? பத்து நிமிச வேலை."

"வேணாம்மா. எங்களுக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கார். வருவார்."

"சரி, அப்ப இத அவராண்ட குடுங்க. கடையில விக்கிறது ஒரு வருசம்கூட வராது. இது நல்ல தோலு."

வாங்கிக்கொண்டேன். வேறு எப்படி நடந்துகொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் இன்னும் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தார். இரண்டு முறையும், "ஆள் இன்னும் வரலியா?" என்று கேட்டார். அதன்பின் வரவில்லை. மாசி முடிவதற்குள் காந்தள் முற்றிலும் காய்ந்து, கிளைகளின் மேல் வெறும் நாராகத் தொங்கியது. நான் கைப்பிடியைத் திரும்ப மாட்டவில்லை. செடி எப்படியும் போய்விட்டது; இனி மாட்டினால் பொய் வெளிப்படும் என்பதுதான் காரணம்.

அந்தக் கோடையில் ஒருநாள் பஸ்ஸிலிருந்து அவரைப் பார்த்தேன். சாலையோரப் பள்ளத்தில் தேங்கிய கலங்கல் நீரில் குனிந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பஸ் நகர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அஸர் தொழுகைக்கு ஒளு செய்தேன். கை, வாய், முகம் கழுவி, கடைசியில் வலக்காலை நீட்டிக் கணுக்கால்வரை தண்ணீர் விட்டு, விரலிடுக்கெல்லாம் கோதிக் கழுவினேன். இடக்காலை நீட்டியபோது கை நின்றுவிட்டது. நாளுக்கு ஐந்து முறை என் கால் இப்படி நனைகிறது. பிறகு அதையும் கழுவி முடித்துத் தொழுதேன். அன்றும் கைப்பிடியை மாட்டவில்லை. நான் தெரியாமல் செய்தது தவறு என்று சொல்லிக்கொள்ளலாம். தெரிந்த பிறகும் விட்டுவைத்த அந்த மாதங்களுக்குப் பெயர் வேறு.

2005 ஆவணியில் இரண்டு நல்ல மழை பெய்தது. பம்படியில் காய்ந்த நாரை அகற்றிவிட்டுக் கீரை விதைக்கலாம் என்று குனிந்தேன். மண்ணைப் பிளந்துகொண்டு மூன்று முளைகள் நின்றன. நான் நட்ட இரண்டு, மூன்றாகியிருந்தன.

முளைகளைச் சுற்றி ஒரு வட்டம் இருந்தது. நான்கு விரல் உயரத்தில், மழையிலும் கரையாத வரப்பு. அதன் மேல் குதிகாலின் தடங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, வரிசை பிசகாமல் பதிந்திருந்தன. அளத்தில் பாத்திக்கு வரப்புக் கட்டுபவர்கள் இப்படித்தான் காலால் தள்ளிக் குதிகாலால் இறுக்குவார்கள். ஒரு சொட்டு நீர் கசியாது. பம்பிலிருந்து வரும் தண்ணீர் வட்டத்தைச் சுற்றிக்கொண்டு முருங்கைக்குப் போகும்படி ஒரு சிறு வாய்க்காலும் இருந்தது. ஜன்னலிலிருந்து நான் பார்த்தது இதைத்தான். கால் கழுவிய தண்ணீர் கிழங்கைத் தொடாதபடி அவர் அணை கட்டியிருக்கிறார், பார்த்தால் கண் போய்விடும் என்று நம்பிய செடிக்கு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, காலின் உணர்விலேயே.

எழுந்து தோட்டத்தின் மறுகோடிக்குப் போனேன். யாரும் கால் வைக்காத மூலை. மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்தேன். அதுவும் அதே அளவு கரித்தது. போன ஆண்டு ஆவணியில் முதல் முளை வந்தபோதும் அவர் தினமும் அங்கேதான் கால் கழுவினார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்று மாலையே கைப்பிடியை மாட்டினேன். வாஷர் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. பழைய வாஷருக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லையே.

மாட்டிவிட்டேனே தவிர, போய்ச் சொல்ல ஒன்றரை மாதம் ஆயிற்று. நோன்பு மாதம் வந்தது. கொடி பூத்தது. கஞ்சிக்கு அவர் வரவில்லை. ஐந்தாம் நோன்பன்று தூக்குவாளியோடு பின்தெருவுக்கு நானே போனேன். நான்கு ஆண்டுப் பழக்கத்தில் அவர் வீட்டு வாசலை அன்றுதான் முதலில் பார்த்தேன். வாசற்படியில் உட்கார்ந்து இடது காலை முன்னால் நீட்டியிருந்தார். குதிகாலில் கட்டு.

"வாங்க டீச்சரம்மா. எழுந்திருக்க முடியல, கோச்சுக்காதீங்க."

"காலுக்கு என்ன?"

"வெடிப்புல உப்பு எறங்கிடுச்சு. ஆனி மாசம் புடிச்சது. ஆஸ்பத்திரியில கிழிச்சுக் கட்டு போட்டாங்க. இப்ப தேவலாம். இந்த வருசம் பாதி வேலைக்கே போவல." கஞ்சியை வாங்கி முகர்ந்தார். "இன்னைக்கி கறி போட்டிருக்காங்க போல."

எந்தப் பழியையும் என்மேல் போடவில்லை. பள்ளத்து நீரா, வேலையின் கடுமையா, பம்பு இல்லாததா, எது காரணம் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அப்படிப் பிரிக்க முடியாதது எனக்கு ஆறுதல் இல்லை. சொல்ல வந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"வாஷர் போட்டாச்சா?" என்று அவரே கேட்டார்.

"போட்டாச்சு" என்றேன். "தையிலேர்ந்து நீங்க வரணும்."

'நீங்க' என்று அவரிடம் சொன்னது அதுவே முதல்முறை. அதைக் கவனித்தவரைப்போல என்னைச் சற்றுநேரம் பார்த்தார். பொய்யையும் மரியாதையையும் ஒரே மூச்சில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

2006 தை. அளத்தில் வேலை தொடங்கி மூன்றாம் நாள் படல் திறந்தது. நான் ஜன்னலில் நிற்கவில்லை, வெளியே வந்தேன். அவர் சேற்றுக் காலோடு பம்பைப் பிடித்து ஒருமுறை அழுத்தினார். எப்போதும்போல் கீச்சென்றது. கை நின்றது.

"புது வாஷருன்னா இந்தச் சத்தம் வராதே" என்றார்.

அவர் திரும்பிக் காந்தளைப் பார்த்தார். பூ இல்லாததால் நேராகவே பார்த்தார். இலைகள் கீழிருந்து மஞ்சளாகத் தொடங்கியிருந்தன.

"இந்த வருசமும் காயுது பாருங்க" என்றார். "நான் இன்னும் காலே கழுவல."

குரலில் கோபம் இல்லை. கஞ்சி கொட்டியபோது சிரித்த அதே சிரிப்பு கண்ணோரத்தில் இருந்தது. ஓர் ஆண்டாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. வாஷரைக் கொண்டுவந்த அன்று தெரிந்திருந்ததா, எட்டிப் பார்த்த நாட்களில் தெரிந்ததா என்று நான் கேட்டதில்லை.

கைப்பிடியை அவரிடமிருந்து வாங்கினேன். "நான் அடிக்கிறேன். நீங்க கழுவுங்க" என்றேன். தண்ணீர் வந்தது. குதிகாலில் ஆறிய இடம், சுற்றிலும் கறுத்து நடுவில் வெளுத்து, ஒரு சிறு குழியாகத் தெரிந்தது. அதன்மேல் தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்:

"அந்த வாஷர நான் போடவே இல்ல. உள்ளதான் இருக்குது."

"தெரியும்" என்றார். இடக்காலை எடுத்துவிட்டு வலக்காலை நீட்டினார். மண்ணில் சரிந்திருந்த வரப்பைக் கழுவிய காலாலேயே தள்ளி அழுத்தினார். "மெதுவா அடிங்க டீச்சரம்மா. தண்ணி அந்தப் பக்கம் தெறிச்சா கிழங்கு அழுகிப் பூடும்."